சீட்டின் ஐந்தாவது கட்டம்

அந்த அலுவலகத்தில் ஆளுக்கு ஓர் எழுத்து. நம்மவர்கள் பேசும்போது நடுநடுவே தூவிக்கொள்கிறார்களே ஆங்கிலச் சொற்கள், அவற்றுக்கென்று ஓர் அகராதி அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. யார் கையில் எந்த எழுத்து கொடுக்கப்பட்டதோ, அன்றிலிருந்து அதுவே அவர் பெயர். எஸ் அண்ணன் எட்டு வருடமாக எஸ்ஸில் இருக்கிறார்; அதில் ‘ஸ்டாண்ட்’ என்ற ஒரே சொல்லில் மட்டும் பதினோரு மாதம் நின்றார். எக்ஸை வாங்கியவர் ஒன்பதாம் நாளே வேலையை முடித்துவிட்டு, அன்று முதல் அடுத்தவர் மேசையில் சாய்ந்துகொண்டு ஊர்வம்பு பேசுகிறார். அவரை யாரும் விரட்டுவதில்லை. வம்பு அவ்வளவு சுவாரசியமாக இருக்கும்.

நம் கதை டி அக்காவைப் பற்றியது. வயது ஐம்பத்திரண்டு. மூக்குக்கண்ணாடி. சட்டென்று சிரித்துவிடாத முகம். டேபிளில் ஆரம்பித்து, டென்ஷன், டைம், டார்ச்சர் என்று ஒவ்வொன்றாகக் கடந்து, ட்ராஃபிக்கையும் ட்ரான்ஸ்ஃபரையும் தாண்டி, கடைசியில் ‘ட்ரான்ஸ்ஃபார்ம்’ என்ற ஒரு வினைச்சொல்லில் வந்து மாட்டிக்கொண்டாள். அதற்கு அப்புறம் உள்ள சொற்களெல்லாம் முடிந்துவிட்டன. இது ஒன்றுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை காலை டி எழுத்து முழுவதும் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அன்று திங்கள்கிழமை.

மாட்டிக்கொள்ள அதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அங்கேதான் சீட்டு விவகாரம் வருகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளை எழுதினால் மட்டும் போதாது. அந்தச் சொல்லை யாராவது ஒருவர் உண்மையாகவே வாயால் சொன்ன ஒரு வாக்கியத்தையும் கீழே கொடுக்கவேண்டும். அதற்கென்று உள்ளங்கை அகலத்தில் தடித்த காகிதச் சீட்டுகள். சீட்டில் ஐந்து கட்டங்கள். முதலாவதில் சொல், இரண்டாவதில் வாக்கியம், மூன்றாவதில் சொன்னவர் யார், நான்காவதில் எங்கே, எப்போது. சொந்தமாக வாக்கியம் ஜோடித்து எழுதினால் வேலை போய்விடும். பதிப்பாசிரியர் அந்த விஷயத்தில் ஈவிரக்கம் பார்க்கமாட்டார். அவர் எதைத் திருத்தினாலும் பச்சை மையில்தான் திருத்துவார் என்பதால், முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பச்சைமை என்று பெயர்.

ஐந்தாவது கட்டம் பிற்பாடு வந்தது. அதற்குக் காரணம் ஹெச் எழுத்துக்காரர். மனிதர் வெளியே போய் நாலு பேர் பேச்சுக்குக் காது கொடுக்கச் சோம்பல்பட்டு, எல்லா வாக்கியத்தையும் வீட்டிலேயே, பெண்டாட்டி வாயிலிருந்தே பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். ஹேட், ஹெல், ஹோப்லெஸ், ஹர்ட் என்று வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் அந்த வீட்டுச் சண்டை முழுவதும் அகர வரிசையில் கிடைத்தது. மாதிரிப் பிரதி எப்படியோ அந்த அம்மாள் கையில் சிக்கியது. மூன்று மாடி ஏறி வந்து, பச்சைமையின் மேசைமேல் அதை விரித்துப்போட்டு, "இதுல ஒண்ணாவது நான் சும்மா சொன்னேனான்னு அவர கேளுங்க" என்று கத்திவிட்டு, மீதி இருந்ததையும் அங்கேயே சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளே எல்லாச் சீட்டிலும் ஐந்தாவதாக ஒரு கட்டம் முளைத்தது: ‘சொன்னவர் உங்களுக்கு உறவா? ஆம் / இல்லை.’ ஆம் என்றால் சீட்டு குப்பைக்கூடைக்கு.

டி அக்காவின் மேசையில் ட்ரான்ஸ்ஃபார்முக்கு முப்பது சீட்டுக்குமேல் கிடந்தன. மின்விசிறிக் காற்றில் பறக்காதிருக்கக் கூழாங்கல் வைத்திருந்தாள். எல்லாம் விளம்பரம். ஏழே நாளில் உங்கள் சருமம் ட்ரான்ஸ்ஃபார்ம் ஆகும். இருபது நாளில் உங்கள் தொப்பை ட்ரான்ஸ்ஃபார்ம் ஆகும். தொப்பை எதுவாக ஆகும் என்று எவனும் சொல்லவில்லை. விளம்பர வாசகத்தைப் பச்சைமை ஒப்புக்கொள்ளமாட்டார். அது மனுஷன் பேசுவதில்லை, துட்டு பேசுவது என்பார்.

"என்னக்கா, இன்னும் மாறலையா?" என்றார் எஸ் அண்ணன், எதிர் மேசையிலிருந்து.

"மாறுறவங்க யாரும் வாயத் திறந்து சொல்ல மாட்டேங்கறாங்க. சொல்றவங்க யாரும் மாற மாட்டேங்கறாங்க" என்றாள் டி அக்கா.

"புழு பட்டாம்பூச்சியா ட்ரான்ஸ்ஃபார்ம் ஆச்சுன்னு போட்டுட்டு வீட்டுக்குப் போங்க. யார் கேக்கப் போறா?"

கேட்பவர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். "அந்தப் பட்டாம்பூச்சி இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார் பச்சைமை. "எல்லா அகராதியிலயும் அதையேதான் பறக்க விட்டிருக்காங்க. பட்டாம்பூச்சியப் பார்த்து, அடடே ட்ரான்ஸ்ஃபார்ம் ஆயிட்டியேன்னு சொன்ன ஆள நீங்க உங்க ஜென்மத்துல பார்த்திருக்கீங்களா?"

எஸ் அண்ணன் தன் எழுத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பச்சைமை, டி அக்கா எழுதிக் கொடுத்திருந்த பொருள் விளக்கத் தாளைத் திருப்பி அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவள் எழுதியிருந்தது இதுதான்: ‘ஒன்று, தன் பழைய உருவமோ இயல்போ சிறிதும் மிஞ்சாதபடி, முழுக்க வேறொன்றாக ஆதல்.’ அதற்குக் கீழே பச்சை மையில் ஒரு கேள்வி: ‘சிறிதும் மிஞ்சாது என்றால், பழையது எங்கே போயிற்று? தேடிப் பார்த்து எழுதவும்.’

இந்த மனுஷனுக்கு வேறு வேலையே இல்லையா என்று டி அக்காவுக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. பேருந்தில் நின்றுகொண்டு வரும்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

அவள் வீடு ஒரு சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே, முதல் மாடியில். இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. அவளும் மகளும் மட்டும். மகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களுக்கு ஃபிரேம் மாட்டிப் பார்த்து, பொருந்தாவிட்டாலும் பொருந்துகிறது என்று சொல்லும் வேலை. அன்று மாலை அவள் வெங்காயத்தை வழக்கத்தைவிட மெல்லிசாக நறுக்கிக்கொண்டிருந்தாள். டி அக்கா அதைப் பார்த்ததுமே ஏதோ வரப்போகிறது என்று தெரிந்துகொண்டாள்.

"அம்மா, புதன்கிழமை சாயங்காலம் அப்பா வர்றாரு. நான்தான் வரச் சொன்னேன்."

டி அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "எதுக்கு?"

"இங்கயே வந்து இருக்கறதுக்கு. நீ சரின்னு சொன்னா." மகள் வெங்காயத்தை விட்டு நிமிரவில்லை. "அவரு முன்ன மாதிரி இல்லம்மா. மலைமேல ஒரு தியான முகாம்ல மூணு மாசம் இருந்தாரு. நான் ரெண்டு தடவ போய்ப் பார்த்தேன், உன்கிட்ட சொல்லல. சத்தம் போடறதில்ல. சிகரெட் இல்ல. அவரு தட்ட அவரே கழுவுறாரு. நிஜமாவே மாறிட்டாரும்மா. நீயே பாரேன்."

டி அக்கா குளியலறைக்குப் போய் விளக்கைப் போட்டு முகம் கழுவினாள். அந்த விளக்கில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அவள் தலையெல்லாம் சோப்பு நுரையோடு நிற்கும்போது குளியலறை பல்பு போய்விட்டது. உள்ளேயிருந்தே கத்தினாள். "இரு, வாங்கிட்டு வந்துடறேன்" என்று வீட்டுக்காரர் குரல் கேட்டது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அவள் இருட்டிலேயே குளித்து, தலை துவட்டி, சோறு வடித்து, மதியம்வரை காத்திருந்தாள். பல்புக் கடை தெருமுனையில் இருக்கிறது. போய்விட்டு வர ஏழு நிமிடம் ஆகும்.

மனுஷன் வரவில்லை. மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாள். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகளைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, ஒவ்வோர் ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினாள். நாலு நாள், மூன்று ஆஸ்பத்திரி. அடிபட்டவர்கள் வார்டில் இல்லை என்றதும், ஒவ்வோர் இடத்திலும் அதே மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, பின்பக்கமாக இன்னோர் அறை இருக்கிறது, பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள். பார்த்தாள். அடையாளம் தெரியாத பதினோரு பிணம். துணியை விலக்குவார்கள். இல்லை, இவர் இல்லை என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எந்தச் சாமி அகப்பட்டதோ அதற்கெல்லாம் வேண்டிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் அவர் சிநேகிதர் ஒருவர் கதவைத் தட்டினார். "அண்ணன் நல்லா இருக்காரு அண்ணி. நம்ம வீட்லதான் இருக்காரு. சட்டை ரெண்டு வாங்கிட்டு வரச் சொன்னாரு." டி அக்கா அவரை உட்காரச் சொன்னாள். சட்டைகளை எடுத்தாள். கசங்கியிருந்ததால் இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்தாள். தன் வாழ்க்கையில் தனக்கே புரியாத காரியம் எது என்று யாராவது கேட்டால் அந்த இஸ்திரியைத்தான் சொல்வாள்.

ஏன் போனார் என்று இன்றுவரை தெரியாது. வேறு பெண் இல்லை, வேறு வம்பும் இல்லை. வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை, போய்விட்டார். அதைக்கூட அவள் மன்னித்துவிடுவாள். வீட்டில் இருக்கச் சில நாள் அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனால் அந்த நாலு நாள் இருக்கிறதே, அது நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. அதை அவர் வாயால் ஒரு தடவை சொல்லவேண்டும். ‘நான்தான் உன்னை அப்படி அலைய விட்டேன்’ என்று ஒரே ஒரு வாக்கியம். காலில் விழவேண்டாம், கண்ணீர் வேண்டாம். அதைச் சொன்னால் கதவைத் திறந்துவிடலாம் என்று முடிவு செய்து ஆறு வருடம் ஆகிறது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வெட்கம்கெட்டவளே என்பார்கள்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. புதன்கிழமை மத்தியானமே தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வீட்டைப் பெருக்கினாள். ஜன்னல் கம்பியைத் துடைத்தாள். நல்ல புடவையை எடுத்துக் கட்டி, யாரை மயக்கப் பார்க்கிறேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு, பழைய புடவைக்கே மாறினாள்.

சரியாக ஐந்து மணிக்கு அவர் வந்தார். முன்பெல்லாம் படியில் கால் வைக்கும்போதே இருமலும் ஏச்சுமாகச் சத்தம் மேலே ஏறி வரும். இப்போது கதவருகில் வந்து நிற்கும்வரை யாருக்கும் தெரியவில்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் ஒரு துணிப்பை. இளைத்திருந்தார். முடியை ஒட்ட வெட்டியிருந்தார். சட்டையில் இஸ்திரி மடிப்பு இருந்தது. அதை அவள் கவனிக்காமல் இல்லை.

"உள்ள வாங்கப்பா" என்றாள் மகள்.

அவர் செருப்பைக் கழற்றி ஒன்றோடொன்று ஒட்டி வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடித் திறந்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் நெஞ்சில் கை வைத்து ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் பேசினார். மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். டி அக்கா எதிரே இருந்த பிரம்பு மோடாவில் உட்கார்ந்தாள்.

"நல்லா இருக்கியா?" என்றார்.

"இருக்கேன்."

மூச்சு. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன்."

இதோ வந்துவிட்டது, ஆறு வருடம் கழித்தாவது வந்துவிட்டது என்று நினைத்தாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"நான் முழுசா ட்ரான்ஸ்ஃபார்ம் ஆயிட்டேன்" என்றார் அவர். "பழைய ஆளு கொஞ்சங்கூட இப்ப எனக்குள்ள இல்ல."

என்ன புத்தி என்று சொல்வது! அந்த நேரத்தில், அந்த நிலைமையில், டி அக்காவின் கை தானாகக் கைப்பையை நோக்கிப் போயிற்று. இரண்டு மாதமாக ஊரெல்லாம் தேடி அகப்படாத வாக்கியம், வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து வெள்ளைச் சட்டையில் பேசுகிறது. சீட்டை எடுக்கப் போன கையைச் சிரமப்பட்டு மடிக்குத் திருப்பினாள். அப்புறம்தான், உறவுக்காரர் சொன்னது செல்லாது என்பது நினைவுக்கு வந்தது. அட சனியனே என்று தன் தலையெழுத்தை நொந்துகொண்டாள்.

"சந்தோஷம்" என்றாள். "அந்தப் பல்பு என்னாச்சுங்க?"

"எந்த பல்பு?"

"ஒரு செவ்வாக்கிழமை வாங்கப் போனீங்களே. அது."

மகள் "அம்மா" என்று மெதுவாக இழுத்தாள். அவர் மகளைக் கையால் அமர்த்தினார். மூச்சு. "அது அவன் பண்ணினது. நான் அவன் இல்ல. முகாம்ல மொதல் நாளே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான். பழைய ஆளு செத்துட்டான். அந்தப் பொணத்தத் தூக்கிட்டு அலையாதே."

"அந்தப் பொணத்தத் தேடித்தான் நான் நாலு நாள் அலைஞ்சேன்" என்றாள் டி அக்கா.

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் பேசிய அதே தாழ்ந்த குரலில் சொன்னாள். மூன்று அறை, பதினோரு முகம் என்று சொன்னாள். ஏழாவது ஆளுக்கு அவர் வைத்திருந்த மாதிரியே மீசை இருந்தது என்றும், காதைப் பார்த்துத்தான் இல்லை என்று தெரிந்துகொண்டாள் என்றும் சொன்னாள். மகளுக்கு இது எதுவும் தெரியாது. அம்மா அப்பாவைத் தேடிப் போயிருக்கிறாள் என்பது மட்டும்தான் சித்தி வீட்டில் சொல்லப்பட்டது. அவள் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பதினொண்ணாம்மா?"

"ஆமா."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திறந்தபோது கண்ணோரம் ஈரமாகத்தான் இருந்தது. அதை மறைக்கக்கூடாது, சொல்லிவிடவேண்டும். டி அக்காவும் பார்த்தாள். பார்த்ததும் அவள் மனம் இளகிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான்தான் அப்படி உன்ன அலைய விட்டேன்னு சொல்லுங்க. அது போதும். அந்த ரூம்ல உங்க கட்டில் அப்படியேதான் கிடக்கு."

மூச்சு. கை நெஞ்சுக்குப் போயிற்று. "அவன் பண்ணினது ரொம்பக் கொடுமை" என்றார். "கேக்கவே எனக்கு மனசு தாங்கல. ஆனா நான் அவன மன்னிச்சிட்டேன்."

டி அக்காவுக்கு முதலில் காதில் விழுந்தது சரிதானா என்று தெரியவில்லை. "நீங்க மன்னிச்சிட்டீங்களா?"

"முழுமனசோட. நீயும் மன்னிச்சுடு. பாரம் இறங்கிடும்."

இதுபோல ஒரு ஏற்பாட்டை உலகத்தில் யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. செய்தவன் செத்துவிட்டான், ஆகவே அவனைக் கேட்கமுடியாது. வந்தவன் செய்யவில்லை, ஆகவே அவனையும் கேட்கமுடியாது. ஆனால் கட்டில் மட்டும் செத்தவனுடையது வந்தவனுக்கு வேண்டும். டி அக்கா அவரை, வேலை பார்க்கிற இடத்தில் தாளைப் பார்ப்பதுபோல, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தாள்.

"சார்" என்றாள். "டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க."

கீழே கடையில் சைக்கிள் மணி ஒன்றை யாரோ அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னது?" என்றார் அவர்.

"உங்கள எனக்குத் தெரியாது சார். பார்த்தா நல்ல மனுஷனாத்தான் தெரியறீங்க. ஆனா முன்னபின்ன தெரியாதவங்கள வீட்ல தங்க வைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்ல."

அவர் முகம் சட்டென்று சிவந்தது. "என்னடி, வெளையாடறியா?" என்று எழுந்தார். நாற்காலி நகர்ந்தது. "கட்டின புருஷன சாருங்கறே, கொழுப்பா?"

அந்தக் குரல்! படியேறும்போதே கேட்குமே, அதே குரல். அந்த ஒரு நிமிடம் டி அக்காவுக்கு வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. இருக்கிறார், எங்கேயும் போகவில்லை, இதோ உள்ளேதான் இருக்கிறார். வாங்க, இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது. திட்டினாலும் பரவாயில்லை, இந்த ஆளிடம்தான் அவளுக்குக் கேட்கவேண்டியது இருந்தது.

அவர் கண்ணை மூடினார். நெஞ்சில் கை வைத்தார். நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஆள் உள்ளே இறங்கிப் போய்விட்டார். "மன்னிக்கணும்" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர், சாந்தமாக. "அது அவனோட மிச்சம். அப்பப்ப வரும். நான் போகச் சொல்லிடறேன்."

"போகச் சொல்லாதீங்க" என்றாள் டி அக்கா. "அவர எங்கயாவது பார்த்தா, வீட்ல பல்புக்கு இன்னும் காத்திருக்காங்கன்னு சொல்லுங்க. எத்தன மணிக்கு வந்தாலும் கதவத் தொறப்பேன்னு சொல்லுங்க. அவருதான் வரணும்."

அவர் மகளைப் பார்த்தார். மகள்தானே வரச் சொன்னவள், அவள் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தார்போலும். மகள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, பாதி குடித்திருந்த கோப்பையை அவர் முன்னாலிருந்து எடுத்தாள். "ஆறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவர் துணிப்பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். இறங்கும்போதும் சத்தம் கேட்கவில்லை. டி அக்கா ஜன்னலருகில் போய் நின்றாள். அவர் தெருமுனைக்குப் போய், பல்புக் கடையைக் கடந்து, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். அவள் அழுதாள். மகள் வந்து பக்கத்தில் நின்று, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள். "பரீட்சை இருந்துச்சே உனக்கு" என்றாள் டி அக்கா.

வியாழக்கிழமை காலையில் கண் வீங்கியபடியே அலுவலகத்துக்குப் போனாள். எஸ் அண்ணன் ஏதோ கிண்டல் பண்ணத் தொடங்கி, முகத்தைப் பார்த்ததும் பாதியில் விழுங்கிக்கொண்டார். எக்ஸ் மட்டும் வந்து மேசையில் சாய்ந்து, "ராத்திரி தூங்கலையா?" என்று நூல் விட்டுப் பார்த்தார். வம்பு கிடைக்காது என்று தெரிந்ததும் நகர்ந்தார்.

அவள் கூழாங்கல்லை எடுத்துவிட்டு, விளம்பரச் சீட்டுகள் அத்தனையையும் அள்ளிக் கூடையில் போட்டாள். புதுச் சீட்டு ஒன்றை எடுத்தாள். முதல் கட்டத்தில், ‘ட்ரான்ஸ்ஃபார்ம்’. இரண்டாவதில், ‘நான் முழுசா ட்ரான்ஸ்ஃபார்ம் ஆயிட்டேன், பழைய ஆளு கொஞ்சங்கூட இப்ப எனக்குள்ள இல்ல.’ மூன்றாவதில், ‘வெள்ளைச் சட்டை அணிந்த ஓர் ஆண், வயது ஐம்பத்தெட்டு இருக்கலாம்.’ நான்காவதில் தேதியும் மாலை ஐந்து மணியும். ஐந்தாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டு, பொருள் விளக்கத் தாளை எடுத்தாள். பச்சை மைக் கேள்விக்குக் கீழே பதில் எழுதினாள். இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோய்ப் பதிப்பாசிரியர் மேசையில் வைத்தாள்.

பச்சைமை முதலில் தாளைப் படித்தார். பழையது எங்கே போயிற்று என்ற கேள்விக்கு அவள் பதில் இதுதான்: ‘தேடிப் பார்த்தாயிற்று. கிடைக்கவில்லை.’

"எல்லாப் புத்தகத்துலயும் தேடினீங்களா?" என்றார்.

"தேட வேண்டிய எடத்துல எல்லாம் தேடிட்டேன் சார்."

"அப்ப சரி. மூணு வருஷமா இந்தக் கேள்விய வேற ஆளுங்ககிட்டயும் கேட்டிருக்கேன். கிடைக்கலன்னு ஒத்துக்கிட்ட மொதல் ஆளு நீங்கதான்." சீட்டை எடுத்துப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். இருபது வருடத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. இப்போது உதடு லேசாக இளகியது. "அபாரமான வாக்கியம். பொருளுக்கு அப்படியே அச்சா உக்காருது. ஜோடிச்சு எழுதினாக்கூட இப்படி வராது. எங்க பிடிச்சீங்க?"

"ஒருத்தர் வீட்டுக்கு வந்திருந்தாரு."

"நல்லது." பச்சை மைப் பேனாவைத் திறந்தார், மூடினார். சீட்டை அவள் பக்கம் திருப்பினார். "இத விட்டுட்டீங்களே. அஞ்சாவது."

டி அக்கா நின்றபடியே அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். சொன்னவர் உங்களுக்கு உறவா? ஒரு அரை விரற்கடை அகலக் கட்டம். கல்யாணமாகி ஆன இருபத்தாறு வருடம் அதற்குள் எப்படி அடங்கும் என்று ஒரு கணம் தோன்றியது. ஹெச் எழுத்துக்காரர் மேல் தேவையில்லாமல் ஒரு கோபம் வந்தது. அப்புறம், ‘நான் அவன் இல்ல’ என்று வந்தவர் தானே சொன்னதை அவள் நினைத்துக்கொண்டாள். அவர் சொன்னதைத்தானே அவள் எழுதவேண்டும், சொந்தமாக ஒன்றும் ஜோடிக்கக் கூடாதே.

அவர் மேசையிலிருந்த பச்சைப் பேனாவையே எடுத்து, ‘இல்லை’ என்று எழுதினாள்.